கண்ணாடி பிடிப்பவள்

மார்ச் 4

அடி வாலு,

நலமா என்று கேட்கக்கூடப் பொறுமையில்லை. நேற்றுத் தொலைக்காட்சியில் நீ எழுதிய மீசை ட்ரிம்மர் விளம்பரத்தைப் பார்த்தேன். கணவன் மீசை வெட்ட, மனைவி கண்ணாடி பிடித்து நிற்கிறாள். அவளுக்கு விக்கல். கண்ணாடி ஆட, அவனுக்குப் பாதி மீசை போய்விடுகிறது. "பெண்களே, அவருக்கு இதை வாங்கிக் கொடுங்கள். உங்கள் கைக்கு ஓய்வு கொடுங்கள்!" பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் எழுந்துபோய் தொலைக்காட்சியை அணைத்தேன்.

அது நான் உனக்கு எழுதியதுதானேடி? நீ சிரிப்பாய் என்று விக்கலோடு நிறுத்திக்கொண்டேன். அதற்குப் பிறகு உன் அத்தான் விட்ட அறையில் என் இடது காது இன்னும் சரியாகக் கேட்பதில்லை. அதை எழுதவில்லை.

அந்தப் பாதி மீசை அவருடைய ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். இப்போது வெளியூர் போயிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அதற்குள் எப்படியாவது நிறுத்திவிடு. பயமாக இருக்கிறது. என் போனை அவர் பார்ப்பார். பதிலை வழக்கம்போலப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா விலாசத்துக்கே போடு.

அக்கா

மார்ச் 7

அக்கா,

உன் கடிதத்தை ஆபீஸ் கழிவறையில் நின்று படித்தேன். நான் அழுவதை யாரும் பார்க்கக் கூடாதே. விளம்பரத்துக்கு யோசனை கேட்ட கூட்டத்தில் எல்லோரையும் சிரிக்கவைக்க உன் கதையைச் சொன்னேன். கைதட்டினார்கள். பாவி நான், உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதலாளியிடம் கெஞ்சிப் பார்த்துவிட்டேன். "பொம்பளைங்க கடை கடையா தேடி வாங்குறாங்கம்மா. ஓடுற குதிரையை யாராவது கட்டிப் போடுவாங்களா?" என்கிறார்.

இன்றே கிளம்பி வா என்றால், உன் சான்றிதழ், பாப்பா சான்றிதழ் எல்லாம் அவர் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது என்பாய். ஒன்று செய். அவர் எதிரில் உட்கார்ந்து எழுத நேர்ந்தால் என்னை வாலு என்று கூப்பிடாதே. புரிந்துகொள்வேன்.

உன் வாலு

மார்ச் 11

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் நலம் அறிய ஆவல். விளம்பரத்தை உன் அத்தான் பார்த்தார். அதற்கும் எங்கள் வீட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று நிறுவனத் தாளில் எழுதி, முத்திரையிட்டு அவர் பெயருக்கு அனுப்பவும். இனி எந்தக் கடிதமும் அவர் பெயருக்கே வரட்டும். கதவில் கை நசுங்கியதால் எழுத்து கோணலாக இருக்கிறது. பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உன் சகோதரி

மார்ச் 13

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் கேட்ட கடிதம் முத்திரையோடு இணைப்பில் உள்ளது. என் வாய்க்கொழுப்பை மன்னிக்க வேண்டும்.

தங்கள் திருமணப் படத்தை முதலாளியிடம் காட்டினேன். அடுத்த விளம்பரத்துக்கு இந்த மீசைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். பெண்களுக்கான விளம்பரம் என்பதால் ஒப்பந்தத்தில் மனைவிதான் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். அக்காவின் சான்றிதழ்களும் பாப்பாவின் பிறப்புச் சான்றிதழும் அசலாகவே வேண்டும். படம் எடுக்கப் பாப்பாவும் வரட்டும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நானும் ஆபீஸ் பெண்கள் நால்வரும் நிறுவன வண்டியில் வந்து இருவரையும் அழைத்துப்போகிறோம். தங்களுக்குப் படப்பிடிப்பு மறுநாள். அதுவரை மீசையில் கைவைக்க வேண்டாம்.

அக்காவிடம் ஒன்று சொல்லுங்கள். கண்ணாடியை மட்டும் எடுத்துவர வேண்டாம்.

தங்கள் பணிவுள்ள,
வாலு