ஹீட்டரில் பழுது இல்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுறேன். நான் சுகம். வீடு சுகம், மொட்டைமாடி டேங்க் சுகம், பக்கத்து வீட்டு நாய் நம்ம வாசல்லயே வந்து படுத்துக்குது, அதுவும் சுகம். நீ, மாப்பிள்ளை, குட்டி மூணு பேரும் ஒரு குறையும் இல்லாம இருக்கணும்னு நினைச்சுக்கிட்டேதான் எழுதுறேன். அம்மாவும் சுகம்னு அடுத்த வரி வந்திருக்கணும். அது வராததாலதான் இந்தக் கடிதமே. பதறாதே, உட்கார்ந்து படி. உயிருக்கு ஒண்ணும் இல்லை. அம்மாவோட இடது பாதம் வெந்நீர்ல வெந்துபோச்சு, பத்து நாள் ஆச்சு. ஓரத்து ரெண்டு விரல் தேறுமா, எடுக்கணுமான்னு வர்ற இருபத்தேழாம் தேதி பார்த்துச் சொல்றேன்னு டாக்டர் சொல்லியிருக்கார். இன்னிக்குத் தேதி ஒன்பது. கடிதம் உன் கைக்கு வர எட்டு நாள் ஆகும், எல்லாம் கணக்குப் பார்த்துத்தான் எழுதுறேன். தினம் போன்ல பேசுறோமே, ஏன் சொல்லலைன்னு கேப்பே. போன்ல பாப்பாகிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு என் கையை அவ தலை மேல வச்சு சத்தியம் வாங்கிட்டா. கடிதத்தைப் பத்தி அவ ஒண்ணும் சொல்லலை, நானும் ஞாபகப்படுத்தலை. பத்து நாளா வீடியோவுல அவ கழுத்துக்கு மேலதான் தெரியுறா, நீ கவனிச்சியோ என்னவோ.

எப்படி ஆச்சுன்னு முதல்லேருந்து சொல்றேன், இல்லேன்னா உனக்குப் புரியாது, எனக்கும் சொல்லித் தீராது. நம்ம வீட்டுப் புகார் நோட்டு உனக்குத் தெரியும். லிஃப்ட் கம்பெனியில முப்பத்தி மூணு வருஷம் புகார் எழுதி வாங்கி வேலை பார்த்தவன், வீட்டுலயும் அப்படித்தான் வேணும்னு சமையலறைக் கதவுல ஒரு நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். எழுத்துல வராத புகாரை எடுக்க மாட்டேன்னு சொன்னதுக்கு அம்மா அன்னிக்கே முதல் புகார் எழுதினா, வீட்டுக்காரர் குறட்டை, தாங்க முடியலைன்னு. பழைய மாடல், பாகம் கிடைக்காது, இப்படியே ஓட்டவும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதுல ரெண்டு மாசம் முன்னாடி ஒரு நாள், பாத்ரூம் ஹீட்டர், தண்ணி சுடலைன்னு எழுதியிருந்தா. அந்த ஹீட்டரை உபயோகிக்கிறதே அவ மட்டும்தான். நான் நாப்பது வருஷமா பச்சைத் தண்ணியில குளிக்கிறவன், அதைப் பெருமையா வேற சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன். அவளும் குளிக்கிறது மத்தியானம், டேங்க் தண்ணியே அப்ப வெதுவெதுன்னு இருக்கும். சாயங்காலம் ஸ்டூல்ல உட்கார்ந்து, பிளாஸ்டிக் டப்புல ரெண்டு காலையும் வச்சு, சுடுதண்ணிக் குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் உட்காருவா, அதுக்குத்தான் ஹீட்டர். ஹோட்டல் சலவைக்கூடத்துல இருபது வருஷம் நின்னுக்கிட்டே இஸ்திரி போட்ட கால், ராத்திரியானா சில்லுனு மரத்துப்போகுதுன்னு சொல்லுவா.

சரின்னு வேலையை ஆரம்பிச்சேன். கரண்ட் வருதான்னு பார்த்தேன், வருது. மெயினை அணைச்சுட்டு காயிலை மீட்டர் வச்சுப் பார்த்தேன், இருபத்தாறு ஓம், ரெண்டாயிரம் வாட்டுக்கு அதுதான் கணக்கு, கெட்டுப்போயிருந்தா முள்ளு அசையாது. அடியில கழட்டிப் பார்த்தா ஒன்றரை மக்கு உப்பு. சுண்ணாம்பு மாதிரிக் கட்டிகட்டியா உதிர்ந்துச்சு, காயில் மேல தோசைக்கல் கனத்துக்கு ஒட்டியிருந்துச்சு. அப்பாடா, இதுதான் வியாதின்னு எனக்கு ஒரே சந்தோஷம். சுரண்டி, கழுவி, புது வாசர் போட்டு மாட்டினேன். நோட்டுல சரிசெய்யப்பட்டதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். (உன் வீட்டு ஹீட்டர் கொதிக்கிறப்ப கடமுடான்னு சத்தம் போடுதுன்னு சொன்னியே, அதுவும் இந்த உப்புதான், ஆளைக் கூப்பிட்டு சுத்தம் பண்ணச் சொல்லு. பக்கத்துல சின்ன வால்வுலேருந்து சொட்டுச் சொட்டா தண்ணி வந்தா வரட்டும், அது பிரஷர் தாங்காம வர்றது, மாப்பிள்ளை புத்திசாலித்தனமா அதை அடைச்சு வச்சிடப்போறார். அடைச்சா வெடிக்கும்.) மறுநாள் சாயங்காலம் நோட்டைப் பார்த்தா, தண்ணி சுடலை, ரெண்டாவது முறைன்னு இருக்கு. ரெண்டாவதுக்குக் கீழ கோடு வேற.

எனக்கு ரோஷம் வந்துருச்சு. பச்சைத் தண்ணியும் சுடுதண்ணியும் கலக்குற குழாய்ல உள்வாசர் தேஞ்சிருந்தா குளிர்ந்த தண்ணி திருட்டுத்தனமா இந்தப் பக்கம் வந்து கலந்துடும், ஹீட்டர் மேல பழி விழும். அந்த வாசரை மாத்தினேன். சுடலை. தெர்மோஸ்டாட் சீக்கிரமே கட்டாகுதோன்னு அதையும் புதுசு மாத்தினேன். சுடலை. ஐம்பதுல இருந்ததை அறுபதுக்குத் திருப்பி வச்சேன். அதுக்கும் நோட்டுல, கொஞ்சம் பரவாயில்லை மாதிரி இருக்கு, ஆனா இல்லைன்னு எழுதினா. அந்த வாரம் அவ பாதம் லேசா சிவந்திருந்ததை நான் பார்த்தேன், பாப்பா. பார்த்துட்டு, நல்லாத் தேய்ச்சுக் கழுவியிருக்கா போலன்னு நினைச்சுக்கிட்டு ஸ்குரூ டிரைவரைத் தேடப் போயிட்டேன். ஒரு தடவை அவகிட்டயே கேட்டேன், உனக்கு மட்டும் எப்படி எதுவுமே உறைக்க மாட்டேங்குதுன்னு. இஸ்திரிப் பெட்டியோட இருபது வருஷம் குடும்பம் நடத்தினவளுக்கு உங்க ஹீட்டரெல்லாம் எம்மாத்திரம்னு சொல்லிச் சிரிச்சா. நானும் சிரிச்சேன்.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லணும், இதை உன்கிட்ட சொல்லாம எனக்குச் சோறு இறங்காது. லிஃப்ட் வேலையில நான் சேர்ந்த அன்னிக்கு எங்களுக்குச் சொன்ன முதல் பாடம், புகார் வந்தா பெட்டியைத் திறக்காதே, முதல்ல நீ ஏறிப் பாருன்னு. நாலாவது மாடியில இடிக்குதுன்னா, நாலாவது மாடிக்கு நீ போய்ப் பார்த்தாதான் இடிக்குதா, இடிக்கிற மாதிரி அவங்களுக்குத் தோணுதான்னு தெரியும். முப்பத்தி மூணு வருஷம் நான் ஏறாம ஒரு லிஃப்டையும் தொட்டதில்லை. இந்த ரெண்டு மாசத்துல அந்தக் குழாய்க்குக் கீழ என் விரலை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நீட்டிப் பார்க்கலை. மீட்டரை நம்பினேன், அவ எழுத்தை நம்பினேன். சுடுதண்ணியைத் தொடாதவன்ங்கிற வறட்டுக் கௌரவம் வேற.

கடைசியில அம்மா, உங்களால ஆகாது, ஆளைக் கூப்பிடுங்கன்னு சொல்லிட்டா. தெருமுனையில ஹீட்டர் மெக்கானிக் ஒருத்தர் இருக்கார், வாயைத் திறந்தா இதோ வந்துட்டேன்னு சொல்லிட்டு நாலு நாள் கழிச்சு வருவார், அதனால அவருக்குப் பேரே இதோவந்துட்டேன். அவர் வர்றதுக்குள்ள நானே சரி பண்ணிடணும்னு எனக்கு வீம்பு. அவர் வர்றதா இருந்த அன்னிக்குக் காலையில டயலை எழுபதுக்குத் திருப்பினேன். அவர் வந்தது சாயங்காலம். உள்ள நுழைஞ்சு பையைக் கூட இறக்கலை, நீங்களே வந்து பாருங்கன்னு அம்மா பாத்ரூம்லேருந்து கூப்பிட்டா. டப்புல ரெண்டு காலையும் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா, வலது கால் தள்ளி ஓரமா, இடது கால் நேரா குழாய்க்குக் கீழ. ஆவி பறக்குது. எங்க சுடுது சொல்லுங்கன்னு அந்த மனுஷன்கிட்ட கேக்குறா. அவர் குழாயை நிறுத்தப் போய், கையில தண்ணி பட்டதும் அம்மான்னு அலறி, டப்பை ஒரே இழுப்புல இழுத்துக் கவிழ்த்தார். தரையெல்லாம் வெந்நீர். அப்பதான் பாதத்தைப் பார்த்தேன். தோல் கையுறை மாதிரிக் கழண்டு நின்னுச்சு. அவ, ஏன் டப்பைக் கவிழ்க்குறீங்க, ஏன் ரெண்டு பேரும் இப்படி முழிக்கிறீங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. இதோவந்துட்டேன்தான் பச்சைத் தண்ணியை ஊத்திக்கிட்டே இருந்தார், ஆட்டோ கூட்டிட்டு வந்தார், ஆஸ்பத்திரியில டோக்கனும் அவர்தான் எடுத்தார். நான் என்ன பண்ணினேன்னு எனக்கு ஞாபகம் இல்லை. ஹீட்டரை அணைச்சேன், அது மட்டும் தெரியும்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான். சர்க்கரை முன்னூத்தி நாப்பது. வருஷக்கணக்கா இருந்திருக்கணும்னு டாக்டர் சொல்றார், அதுதான் கால் நரம்பையெல்லாம் தின்னுருச்சாம். மரத்துப்போன கால் சில்லுனு இருக்கிற மாதிரித் தோணுமாம், சுடுதண்ணியைக் கேக்குமாம். எவ்வளவு நாளா கால் இப்படி இருக்குன்னு அவர் கேட்டதுக்கு, ஹீட்டர் கெட்டுப்போனதுலேருந்துன்னு அம்மா சொன்னா. டாக்டர் என்னைப் பார்த்தார். அப்புறம் வலது காலைச் சோதிக்கணும்னு கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலான் இழையால பாதத்துல பத்து இடத்துல தொட்டார். தொடுறப்ப எல்லாம் ஆமான்னு சொல்லணும். அவ ஒரு தடவை சொன்னா. அப்புறம் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, பரீட்சைக்கு வந்த பொண்ணு மாதிரி அடுத்த கேள்விக்குக் காத்துக்கிட்டே இருந்தா. டாக்டர் பத்தையும் முடிச்சுட்டு இழையை மேஜை மேல வச்சுட்டார்.

இப்ப வீட்டுலதான் இருக்கா. ஊசி நான் போடப் பழகிட்டேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி கட்டைப் பிரிச்சு மருந்து வைக்கிறேன். நான் மருந்து வைக்கிறப்ப அவ டி.வி. பார்க்குறா. பல்லைக் கடிச்சுக்கிறது நான்தான். எரியுதான்னு கேட்டா, எதுன்னு கேக்குறா. அவ ஒரே ஒரு தடவை ஐயோன்னு கத்தினா எனக்குப் போன உயிர் திரும்பி வரும். பெரிய விரல் பக்கம் புதுத்தோல் வருது, ஓரத்து ரெண்டும் இன்னும் நிறம் சரியில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டலை. பார்க்க வர்றவங்க எல்லார்கிட்டயும், எங்க வீட்டுக்காரர் ஹீட்டரை ரொம்ப நல்லா ரிப்பேர் பண்ணிட்டார்னு சொல்றா. கிண்டலாத்தான் சொல்றா, அவங்களும் சிரிக்கிறாங்க. நான் காபி போடுறேன்னு எழுந்து போயிடுறேன். அன்னிக்கு இதோவந்துட்டேன்கிட்ட, ஹீட்டர்ல கடைசியா என்னதான் கோளாறுன்னு கேட்டேன். ஒரு கோளாறும் இல்லை சார், ஆரம்பத்துலேருந்தே இருந்திருக்காதுன்னு சொன்னார். கூலி வாங்க மாட்டேன்னுட்டார்.

அம்மா உன்னை வரச் சொல்ல வேண்டாம்கிறா. உனக்கு லீவு இல்லை, குட்டிக்குப் பள்ளிக்கூடம், ரெண்டு விரலுக்காக இவ்வளவு தூரம் வரணுமான்னு கேக்குறா. நியாயம்தான். நீ போன இந்த ஒன்பது வருஷத்துல நானும் ஒரு தடவை கூட வான்னு கேட்டதில்லை, வர முடியாம நீ அங்க உட்கார்ந்து அழுவியோன்னு. இப்ப கேக்குறேன். விரல் போனா போகட்டும், அதை விட்டுட்டு அவ நடப்பா, நம்மளையும் நடத்துவா, அது எனக்குத் தெரியும். ஆனா இருபத்தேழாம் தேதி அவளை உள்ள கூட்டிட்டுப் போனதும் அந்த வெளி பெஞ்சுல என்னால தனியா உட்கார முடியாது. எனக்குப் பயமா இருக்கு, பாப்பா. வா.

ராத்திரி நீ கூப்பிடுறப்ப அம்மா போனை ஸ்பீக்கர்ல போட்டுத்தான் வச்சிருப்பா, அதனால இதைப் பத்தி ஒண்ணும் கேட்டுடாதே. நான் வழக்கம்போல அங்க மழையான்னு கேப்பேன். வர முடியும்னா, மழையோ வெயிலோ, சரிப்பான்னு மட்டும் சொல்லு. முடியாதுன்னா வானிலையைச் சொல்லு, நான் கோவிச்சுக்க மாட்டேன்.

நீங்க மூணு பேரும் நோய்நொடி இல்லாம நூறு வருஷம் நல்லா இருக்கணும். நீ வர்றதா இருந்தாலும் இல்லேன்னாலும் நாளைக்கே வெறும் வயித்துல போய் சர்க்கரை பார்த்துடு, அம்மா வழியில வர்றதுன்னு டாக்டர் அழுத்திச் சொன்னார். குட்டியைக் குளிப்பாட்டுறதுக்கு முன்னாடி உன் முழங்கையைத் தண்ணியில வச்சுப் பாரு.

இப்படிக்கு,
போன் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா