லாக்கரில் தொங்கிய பேட்ஜ்

என் ராசு அண்ணே,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. சாந்திக்கு இப்போதுதான் எழுதக் கை வந்ததா என்று கேட்பீர்கள். தானாக வரவில்லை அண்ணே, எழுத வைத்துவிட்டார்கள்.

முதலில் ஈப்போ ஆஸ்பத்திரியில் நம் ஆபரேஷன் அறைச் செய்தி. நான் இன்னமும் அங்கே தாதிதான். சிறுநீரகக் கல் எடுக்கப் புது டாக்டரம்மா வந்திருக்கிறார். முதுகில் துளை போடும் முன் கதிர் இல்லாத ஸ்கேன் வைத்தே கல் இருக்கும் இடத்தைப் பார்த்துவிடுகிறார். எக்ஸ்ரே மிதியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உடனே காலை எடுத்துவிடுகிறார். கடைசிப் படம் திரையில் அப்படியே நிற்கிறது, அதைப் பார்த்தே பாதி வேலை நடக்கிறது. பழைய டாக்டர் மிதிமேல் காலை வைத்தபடி கோல்ஃப் கதை பேசுவாரே, அந்தக் காலம் போயிற்று. மேசை ஓரத்தில் கதிரைத் தடுக்க ஈயத் திரைகூடத் தொங்குகிறது. இதெல்லாம் உங்கள் காலத்தில் ஏன் நடக்கவில்லை?

எக்ஸ்ரே இயந்திரத்தைப் பிடித்தபடி நீங்கள் நின்ற இடத்தில் இப்போது மாலதி என்ற பெண் நிற்கிறாள். படம் எடுக்கும் முன் "மருந்து அடிக்கிறாங்க, தள்ளிக்குங்க" என்று உங்களைப் போலவே அவளும் குரல் கொடுக்கிறாள். பீடோர் பக்கத்துத் தோட்டத்தில் உங்கள் அம்மா களைக்கு மருந்து அடித்த நாளில் நீங்கள் கேட்ட குரல் அது என்று அவளுக்குத் தெரியாது. நம் அறையில் எக்ஸ்ரே கதிருக்குப் பெயரே மருந்து என்றாகிவிட்டது. எங்களையெல்லாம் தள்ளி நிற்கச் சொன்ன நீங்கள் மட்டும் தள்ளி நின்றதே இல்லை.

பேட்ஜ் விஷயத்துக்கு வருகிறேன். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அளக்க நெஞ்சில் மாட்டிக்கொள்ள வேண்டிய அந்தச் சின்ன வில்லை, உங்கள் லாக்கருக்குள்தான் தொங்கும். "போட்டா ரீடிங் ஏறிரும் தங்கச்சி. அப்பறம் என்னைய பதிவு கவுண்டர்ல உக்கார வச்சிருவாங்க லா. எனக்கு ஆபரேஷன் தியேட்டர்தான் வேணும்" என்றீர்கள். நானும் சிரித்தேன். சிரித்தேனே அண்ணே.

பிறகு உங்களுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. கதிரால்தான் வந்தது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாதாம். கருமாதி அன்று கோப்பெங் வீட்டில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"பேட்ஜ் ரீடிங்ல ஒன்னுமே இல்லன்னு சொல்றாங்க சாந்தி. உனக்கு ஏதாவது தெரியுமா?"

தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். உங்களைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை.

போன வாரம் மாலதி பேட்ஜ் இல்லாமல் வந்து நின்றாள். ஏசினேன். அவள் பதறவே இல்லை.

"ஏன்க்கா டென்ஷன்? இருபது வருஷம் நின்ன ராசு அண்ணனுக்கே ரீடிங் கம்மிதானாம்லா. எல்லாரும் சொல்றாங்க."

அது உங்கள் உடம்பின் கணக்கு இல்லை, லாக்கரின் கணக்கு. அதை நம்பி அந்தப் பிள்ளை நிற்கிறாள். கல்யாணமாகி இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை அவளுக்கு.

அன்றே எல்லார் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். மாலதி உடனே போய் பேட்ஜை மாட்டிக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோப்பெங் போய் அண்ணியிடமும் சொன்னேன், அன்று பொய் சொன்னதையும் சேர்த்து. வெளியே போ என்பார் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"இத்தன மாசமா சாமியத் திட்டிட்டேன் சாந்தி. இவரைத்தான் திட்டியிருக்கணும்."

சொல்லிவிட்டு உங்களைத் திட்டவும் ஆரம்பித்தார். பாதியில் அழுகை வந்துவிட்டது. நானும் சேர்ந்துகொண்டேன்.

கோபமென்றால் என் மேல் வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே. உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு அந்த அறையில் இனி ஒருவரும் பேட்ஜ் இல்லாமல் நிற்க நான் விடமாட்டேன்.

சிரித்த அன்றே உங்களை ஏசியிருக்க வேண்டிய தங்கச்சி,
சாந்தி