மாட்டை விற்ற பின்னும் மரத்துப்போகும் கை

அனுப்புநர்:
சா. ஏஞ்சல் (வயது 37),
க/பெ சாம்சன்,
பெருநகர், உத்திரமேரூர் வட்டம்.

பெறுநர்:
இணை இயக்குநர் அவர்கள்,
தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை,
காஞ்சிபுரம் மாவட்டம்.

பொருள்: என் வலது கை மரத்ததற்குக் கம்பெனி வேலை காரணமா என்று நேரில் ஆய்வு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கார்களுக்கான வயர் தயாரிக்கும் கம்பெனியில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன் (முகவரி இணைப்பில்). வயர் நுனியில் முனை பொருத்தும் மெஷின் பழுதாகிப் பதினான்கு மாதமாகிறது. அன்றுமுதல் கைப் பிளையரால் அழுத்துகிறோம். ஒரு ஷிப்டுக்கு இரண்டாயிரம் முறைக்குக் குறையாது.

2. பிளையர் பிடிக்கத் தொடங்கிய ஐந்தாம் மாதம் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்தன. சோறு பிசைந்தால் சூடு தெரியவில்லை. மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது, கார்பல் டனல் என்று பெயர் என்றார் கம்பெனி டாக்டர். வீட்டில் என்ன வேலை என்று கேட்டார். இரண்டு வேளையும் பால் கறப்பேன் என்று மறைக்காமல் சொன்னேன். அதையே காரணமாக எழுதிவிட்டார். பிளையரைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழகிய நானும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

3. மெஷினைச் சரிசெய்யக் கேட்டபோது சூப்பர்வைசர் தினகரன், "வூட்ல மாடு கறந்துகினு, கம்பெனி மேல பழி போடுறியா?" என்றார். வேலை போய்விடும் என்று பயந்து கறவை மாட்டைக் கன்றோடு விற்றேன். மூன்று மாதமாகிறது. கை அப்படியேதான் இருக்கிறது. இனி எதை விற்றால் நம்புவார்கள் என்று தெரியவில்லை, ஐயா.

4. பிறகு சர்க்கரை என்றார்கள், இல்லை. தைராய்டு என்றார்கள், அதுவும் இல்லை. பிள்ளை உண்டானாலும் வருமாம். நான் பத்து வருடம் முன்பே குடும்பக் கட்டுப்பாடு செய்தவள். ரிப்போர்ட் நகல்கள் இணைத்துள்ளேன். எங்கள் மேசையில் ஐந்து பேர். என்னோடு சேர்த்து நால்வருக்கு இதே விரல்கள் மரக்கின்றன. மற்ற மூவர் வீட்டிலும் மாடு கிடையாது.

5. சொந்தக் காரணத்தால் விலகுவதாக வரும் வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தரச் சொல்கிறார்கள். இந்தக் கையோடு வேறு எங்கே போய் வேலை கேட்பேன்? அதற்குள் ஒருமுறை வந்து, எங்கள் மேசையருகே அரைமணி நேரம் நின்று பார்க்கும்படி மன்றாடிக் கேட்கிறேன். முன்கூட்டிச் சொல்லாமல் வாருங்கள். தெரிந்தால் பிளையர்களை எடுத்து ஒளித்துவிடுவார்கள்.

எனக்குப் பேனா பிடிக்க முடியாததால் இதை எழுதித் தருபவர், அதே மேசையில் வேலை செய்யும் தமிழ்ச்செல்வி. கடைசி வரிகளில் எழுத்து கோணியிருந்தால் பொறுத்தருளவும். விரல் மரத்து இரண்டு முறை பேனாவைக் கீழே வைத்துவிட்டுத்தான் எழுதினார்.

இடம்: பெருநகர்
நாள்: 18.08.2025

இப்படிக்கு,
சா. ஏஞ்சல்
(இடது கைப் பெருவிரல் ரேகை)