என் கணவர் ஒப்புக்கொண்டதாக எழுதப்பட்ட குற்றம்

அனுப்புநர்:
தாமரை த/பெ சின்னையா,
ஆற்றோரப் பூர்வகுடிக் கம்பம்,
பந்திங், சிலாங்கூர்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
பூர்வகுடியினர் நீதிக் குறைகேட்புக் குழு,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.

பொருள்: டுரியான் திருடியதாகச் சிறையில் இருக்கும் என் கணவர் பெடுலின் வழக்கை மீண்டும் விசாரிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் தோட்டத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, பூர்வகுடியைச் சேர்ந்த பெடுலை மணந்தவள். இம்மனுவைத் தமிழில்தான் என்னால் மனம்விட்டு எழுத முடிகிறது. கிள்ளான் வழக்கறிஞர் வாணி செய்த மலாய் மொழிபெயர்ப்பை இணைத்துள்ளேன்.

2. எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள டுரியான் மரங்கள் என் மாமனார் நட்டவை. அந்த நிலம் ஒரு தோட்ட நிறுவனத்துக்குப் போய்விட்டது, வேலியும் வந்துவிட்டது. பழம் விழும் காலத்தில் என் கணவர் வழக்கம்போல் கூடையோடு போனார். காவலாளி பிடித்துப் போலீசில் ஒப்படைத்தார்.

3. எங்கள் கம்பத்து, அதாவது எங்கள் கிராமத்து, வழக்கம் ஒன்றைத் தாங்கள் அறிய வேண்டும். சச்சரவு என்று வந்தால், பாத்தின் எனப்படும் கம்பத்துத் தலைவர் முன் இரு தரப்பும் உட்காரும். முதலில் பேசுபவர் "என் தவறுதான்" என்று தொடங்குவார். எதிர்த்தரப்பும் அப்படியே சொல்லும். கோபம் தணிந்த பிறகுதான் நடந்தது என்ன என்ற பேச்சே ஆரம்பமாகும். அப்படித் தொடங்காதவனை அங்கே யாரும் மனிதனாக மதிப்பதில்லை. கல்யாணமான புதிதில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. குழம்பில் உப்பைக் கொட்டியவள் நான். மன்னிப்புக் கேட்டவர் அவர்.

4. நீதிமன்றத்தில் குற்றச்சாட்டை வாசித்தார்கள். அவருக்கென்று வழக்கறிஞர் இல்லை. புரிகிறதா என்று கேட்டார்கள், புரிகிறது என்றார். மலாய் அவருக்கு நன்றாகவே தெரியும். பிறகு நிறுவனத்து அதிகாரியின் பக்கம் திரும்பி, கைகளைக் கட்டிக்கொண்டு, "என் தவறுதான், துவான்" என்று ஐயா என்பதுபோல் பணிவாகச் சொன்னார். குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிவாயிற்று. நான் பதறி எழுந்தேன், அமரச் சொல்லிவிட்டார்கள். மரம் நட்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒன்பது மாதச் சிறை.

5. ஐயா, நீதிபதி அவர்களை நான் குறை கூறவில்லை. அவர் காதில் விழுந்ததைத்தான் அவர் எழுதினார். ஆனால் மரியாதைக்காகச் சொன்ன ஒரு வார்த்தையால் ஒரு மனிதர் திருடராகிவிட்டார். அதைத் தாங்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

6. ஆகவே அவர் வழக்கை மறுபடி எடுக்கப் பரிந்துரைக்குமாறு மன்றாடுகிறேன். இனி எந்தப் பூர்வகுடியினரின் ஒப்புதலும் பதிவாகும் முன், ஒரு வழக்கறிஞரும் அவர்களது வழக்கம் அறிந்த ஒருவரும் அருகில் நிற்க வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தப் பரிந்துரைக்கவும் வேண்டுகிறேன்.

7. இன்னொன்றும் உண்டு. சிறைக்குப் பார்க்கப் போகும்போதெல்லாம் அவர் என்னிடம் ஒன்றையே கேட்கிறார்: நிறுவனத்துக்காரர் எப்போது வந்து பேசுவார்? தம் பங்கைத் தாம் சொல்லிவிட்டாராம். எதிர்த்தரப்பு சொல்லட்டும் என்று பொறுமையாகக் காத்திருக்கிறார். விசாரணை என்றோ முடிந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேலே கேட்டவை எதுவும் தங்களால் ஆகாதென்றால், யாராவது ஓர் அதிகாரியை அனுப்பி அதை அவரிடம் சொல்லச் செய்யுங்கள். என்னால் முடியாது, ஐயா.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
தாமரை
(கையொப்பம்)

இடம்: பந்திங்
நாள்: 14.8.2025