ஆறு மணி இருமல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு தேவலை, அப்பாவின் முழங்கால் வலிகூட இந்த மாதம் குறைந்திருக்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். உன் இருமல் விட்டுவிட்டதா? ஏன் கேட்கிறேன் என்றால், இங்கே அது இன்னும் விடவில்லை.

போன வருஷம் நீ விவசாய ஆலோசனை அலுவலகத்தில் இருந்தபோது பேசிப் பதிவு செய்து அனுப்புவாயே, ஒவ்வொரு திங்களும் காலை ஆறு மணிக்கு எல்லோர் போனிலும் வருமே, அது இந்த வருஷமும் வருகிறது. உன் குரல்தான். முதல் வாரம் கேட்டதும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் போனுக்கு ஓடி வந்தேன். நீ அந்த வேலையை விட்டுக் கடல் தாண்டிப் போகிறேன் என்ற அன்று, போனால் இந்த வீட்டோடு பேச்சு வைத்துக்கொள்ளாதே என்று அப்பா சொன்னதை நீ மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். எட்டு மாதமாகப் போன் இல்லை, புது நம்பரும் தரவில்லை, இந்த விலாசம்கூட உன் தோழி வீட்டில் கெஞ்சி வாங்கியது. அப்படியிருக்க அப்பா சொல்கிறார், "அவ திரும்பி வந்துட்டாடி, பழைய வேலைக்கே வந்துட்டா, நம்மகிட்ட சொல்ல வெக்கப்படுறா, அப்பன் ரோஷம் அப்படியே இருக்கு." அன்றிலிருந்து திங்கட்கிழமையானால் ஐந்தரைக்கே முகம் கழுவி, சட்டை போட்டுக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். நீ மூச்சு வாங்குகிற இடத்திலெல்லாம் "சரி பாப்பா", "ஆகட்டும் பாப்பா" என்று பதில் வேறு.

இந்த வருஷம் மழை மூன்று வாரம் தள்ளிப்போனதால் எல்லோரும் தர்பூசணியைத் தாமதமாகத்தான் விதைத்தோம். கொடியில் அப்போதுதான் பூ விரிய ஆரம்பித்திருந்தது. அந்தத் திங்கட்கிழமை நீ, காய் பிடித்துவிட்டது, வண்டு வரும், இந்த வாரம் மருந்து அடிக்கலாம் என்றாய். அப்பா அன்று காலையிலேயே அடித்தார், பக்கத்து நிலத்து அத்தை அடித்தாள், அந்தப் பக்கம் முழுக்க அடித்தார்கள். மறுநாள் காலை தோட்டத்துக்குப் போனேன். மஞ்சள் மஞ்சளாகப் பூ பூத்திருக்கிறது, ஒரு தேனீ இல்லை. இரைச்சல் என்று ஒன்று இருந்ததே அது நின்ற பிறகுதான் தெரிந்தது. என் புடவை இலையில் உரசுகிற சத்தம் எனக்கே பயமாக இருந்தது. யாரோ பின்னால் வருகிற மாதிரி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து என் நோட்டை எடுத்தேன். நம் வம்சத்தில் முதலில் பட்டம் வாங்கினவள் பேசுகிறாள் என்று போன வருஷம் நீ சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதிவைத்திருந்தேன், நீ இருமிய இடத்தில் இருமல் என்றுகூட. பாப்பா, ஒரு சொல் மாறவில்லை. "மண் ஈரம்" என்று நிறுத்தி இருமிவிட்டு "பார்த்து" என்று தொடர்கிறாயே, அதுவும் அங்கேயே இருக்கிறது. அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர், "அந்தம்மா வேலைய விட்டுட்டாங்களா? வாராவாரம் பேசுறாங்களேம்மா, நானே கேக்குறேனே" என்று என்னையே சமாதானப்படுத்தினார்.

போன திங்களன்று நான் போன் பக்கம் போகாமல் வாசலில் நின்றேன். ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் நீ பேசுகிறாய், ஒரு வீட்டில் ஒரு நொடி முன்னால், அடுத்த வீட்டில் ஒரு நொடி பின்னால். உன் இருமல் வீடு வீடாக ஏறி இறங்கித் தெருக்கோடி வரைக்கும் போனது. பெற்றவள் பயப்படலாமா என்று கேட்காதே, நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

மூன்று வாரமாக நானும் அத்தையும் விடிந்ததும் ஆண் பூவைப் பறித்து இதழை உரித்துப் பெண் பூவில் தொட்டுத் தொட்டு வைக்கிறோம், வெயில் ஏறினால் பூ மூடிவிடும். "தேனீ கூலி கேட்டதுண்டா, நான் மட்டும் ஏன் கேக்கணும்" என்று அத்தை சிரிக்கிறாள். அப்படியும் கொஞ்சம் பிஞ்சு பிடித்திருக்கிறது, பெரியது என் கைமுட்டி அளவு. இனிமேல் தண்ணீர்தான் அதற்கு உயிர். ஆனால் நோட்டைப் புரட்டினால் நீ அடுத்து என்ன சொல்லப் போகிறாய் என்று எனக்குத் தெரிகிறது. வருகிற திங்கள் உரம். அதற்கு அடுத்த திங்கள், பழம் முற்றிவிட்டது, தண்ணீரை நிறுத்துங்கள் என்பாய். அப்பா நிறுத்திவிடுவார், அவரைப் பார்த்து எல்லோரும் நிறுத்துவார்கள். நோட்டைக் காட்டினேன், "என் பொண்ணு குரல் எனக்குத் தெரியாதா" என்று வாங்கி மூடி வைத்துவிட்டார். பிஞ்சு கண்ணெதிரே இருக்கிறது, அவருக்குத் தெரியாதா? உன் பேச்சை மீறினால் நீ மறுபடி போய்விடுவாய் என்று பயப்படுகிறார். அதை நான் அவரிடம் கேட்கவில்லை.

கூரியர் ஐந்து நாளில் வந்துவிடும் என்றார்கள். பனியில் தலையை மூடிக்கொண்டு போ, வெந்நீர் குடி, ராத்திரி வெறும் வயிற்றோடு படுக்காதே. எங்கே இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வயசு இரு தாயே.

தண்ணீரை நிறுத்தச் சொல்லப் போகிற அந்தத் திங்கள் இங்கே காலை ஆறு மணி ஆகும் முன்னால் கூப்பிடு, அவர் போன் முன்னால்தான் இருப்பார். வணக்கம் என்று ஆரம்பிக்காதே, அது அப்படித்தான் ஆரம்பிக்கிறது. எடுத்தவுடன் அப்பா என்று கூப்பிடு. வாராவாரம் கடைசி வரைக்கும் காதை வைத்துக் கேட்கிறார், அந்த ஒரு சொல்லை மட்டும் அது சொன்னதே இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா