நீ மூன்று நாள் இறந்திருந்த விவரம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் இங்கே சுகம். நீயும் சுகமாக இருப்பதைப் பூக்கடைக்காரர் மூலம் தெரிந்துகொண்டோம். நீ வேலை பார்க்கும் லிப்ட் கம்பெனிக்கு வந்த மலர்வளையத்தை நீயே கையெழுத்துப் போட்டு வாங்கினாயாம். செத்தது யார் என்று கேட்டாயாம். அவர் உன் பெயரைச் சொன்னாராம். நல்ல வேளை, லிப்ட் மேலே ஏறி நின்றுகொண்டு கேட்கவில்லை.

கிழித்துப் போடாமல் முழுவதும் படி. போனில் சொல்லலாம் என்றால் ஆறு வருஷமாக என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். அதனால்தான் தபால்.

எல்லாம் என் மகள், உன் மருமகள் ஆரம்பித்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற வம்சாவளி மென்பொருள் ஒன்றைப் பிடித்து, நம் குடும்பத்தையே அதில் ஏற்றிவிட்டாள். கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. அவள் அனுப்பும் சுட்டியைத் தட்டினால் கொள்ளுத்தாத்தாவிலிருந்து போன மாதம் பிறந்த குழந்தைவரை கிளை கிளையாக விரிகிறது. ஆளுக்கொரு பெட்டி. அதில் படம், பெயர், பிறந்த தேதி, தொழில். யார் எதை மாற்றினாலும் உறுப்பினர்கள் நாற்பத்து மூன்று பேருக்கும் உடனே மின்னஞ்சல் போகும். இதை என்னிடம் இரண்டு முறை சொன்னதாக அவள் சாதிக்கிறாள். எனக்கு ஞாபகம் இல்லை.

ஆஸ்பத்திரிப் பதிவறையில் இருபத்தெட்டு வருஷம் படிவம் நிரப்பியவள் நான், எனக்கு இதெல்லாம் எந்த மூலைக்கு என்று உட்கார்ந்தேன். உன் அத்தானுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிறந்த தேதி, வீட்டில் ஒன்று. மென்பொருள் ஒன்றைத்தான் ஏற்கும் என்றதும் மனிதர் அரை நாள் தவித்துப்போனார்.

அப்புறம் என் பெட்டிக்குப் பக்கத்தில் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி. ‘உயிருடன் உள்ளவர். விவரம் மறைக்கப்பட்டுள்ளது.’ அவ்வளவுதான். பெயர் இல்லை, முகம் இல்லை. மகளைக் கேட்டேன். “உயிரோட இருக்கறவங்க அவங்களே உள்ள வந்து சம்மதம் குடுத்தாத்தான்மா காட்டும். மாமாவுக்கு நாலு தடவ அழைப்பு அனுப்பிட்டேன், பதிலே இல்ல. இறந்தவங்களுக்குத்தான் இந்தக் கட்டுப்பாடு கிடையாது” என்றாள். சொல்லிவிட்டு அலுவலக வேலையாக வெளியூர் கிளம்பிவிட்டாள்.

நாற்பத்து மூன்று பேர் பார்க்கும் இடத்தில் என் தம்பி பெயர் மட்டும் இல்லை. அதுவும் இரண்டாவது தடவை. எனக்குப் பொறுக்கவில்லையடா. ‘மறைந்தவர்’ என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டேன். பொசுக்கென்று பெட்டி திறந்து உன் முகம் வந்தது. நீலச் சட்டையோடு, ஸ்பானரை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு நிற்பாயே, அந்தப் படம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இறந்த தேதி கேட்டது, அன்றைய தேதியைப் போட்டேன். மரணக் காரணம் கேட்டது. படிவத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விட எனக்கு இன்னும் கை வராது. ‘பிடிவாதம்’ என்று எழுதிச் சேமித்தேன்.

பத்தே நிமிஷம். நம் பெரியப்பா மகன், அதுதான் ஒலிபெருக்கி, போனில் விம்முகிறார். அதற்குள் ஊருக்கெல்லாம் சொல்லி, உன் கம்பெனிக்கு மலர்வளையமும் அனுப்பியாகிவிட்டது. பிடிவாதம் எந்த உறுப்பில் வரும், பரம்பரை வியாதியா என்று வேறு கேட்டார். சாயங்காலத்துக்குள் என் வாசலில் கால் வைக்க இடமில்லை, அத்தனை செருப்பு. “அவன் உயிரோடதான் இருக்கான், நான்தான் டிக் போட்டேன்” என்று நான் சொல்லச் சொல்ல, அதிர்ச்சியில் உளறுகிறாள் என்று பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் குடிக்கவைத்தார்கள். டிக்கை எடுக்கலாம் என்று போனால், மறைந்தவரை மீண்டும் உயிருள்ளவராக்க நிர்வாகியின் அனுமதி வேண்டுமாம். நிர்வாகி உன் மருமகள். அவள் ஊர் திரும்ப மூன்று நாள் ஆயிற்று. அதுவரை நீ செத்தவன் செத்தவன்தான்.

வந்தவள் என்னைத் திட்டிக்கொண்டே உனக்கு உயிர் கொடுத்தாள். உடனே பெட்டி பழையபடி சாம்பல் நிறமாகிவிட்டது.

இப்போது உள்ளதைச் சொல்கிறேன். இவள் கல்யாணப் பத்திரிகையில் உன் பெயர் விட்டுப்போனது அச்சகத்தின் தப்பு இல்லை. திருத்தம் பார்க்க அச்சுப் படி என்னிடம்தான் வந்தது. உன் அத்தானின் பட்டத்துக்குப் புள்ளி சரியாக இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். தாய்மாமன் பெயரே இல்லாததைப் பார்க்கவில்லை. சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நீ அச்சகத்துக்குப் போய் அந்தக் கையெழுத்தைப் பார்த்துவிட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆறு வருஷமாக அச்சகக்காரரையே திட்டிக்கொண்டிருக்கிறேன். என்னை மன்னித்துவிடு. அந்தக் கட்டத்தில் எழுதியது உன் வியாதி இல்லை, என்னுடையது.

ஐந்தாவது அழைப்பை இன்று அனுப்பச் சொல்லியிருக்கிறேன். என்னோடு பேச வேண்டாம், வீட்டுக்கு வரவும் வேண்டாம். சம்மதம் என்ற பொத்தானை மட்டும் அழுத்து. எனக்கும் ஒருநாள் யாராவது டிக் போடுவார்கள். அன்றைக்கு எல்லோரும் என் பெட்டியைத் திறந்து பார்க்கும்போது, பக்கத்தில் என் தம்பி பெயரில்லாமல் இருக்கக் கூடாது.

நெடுங்காலம் இருடா. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இரு.

உன் அக்கா