பந்திக்கூடத்து வாசப்படி

ஜூலை 7, திங்கள்

கச்சான் காத்து. கண்ணு பூரா மண்ணு. மடத்துச் சமையக்கட்டுல ரெண்டு ஆடு, விரட்டினேன். ராமேஸ்வரம் நடந்து போன சாமியார்க தங்கிச் சாப்பிட்ட மடம். கோயில் போச்சு, அறைக போச்சு. மிச்சம் அடுப்புச் சுவரு, பந்திக்கூடத்துத் தூணு ஆறு, நெல்லுக் குதிர் இருந்த தளம், கிணறு. இம்புட்டுக்கும் வாட்ச்மேன் நானு.

வீட்டுக்காரி லெட்சுமிக்குப் பதினாறு கும்பிட்டு மூணு வாரம். இன்னும் அழுகை வரல. வரலைன்னா என்ன செய்ய?

வாங்க: தீப்பெட்டி, பால். (பால் மறந்துட்டேன்.)

ஜூலை 9, புதன்

தொல்லியல் ஆபீஸ் மேடம் வந்தாக. "ஊர்க்காரங்க எடுத்துட்டுப் போன மடத்துக் கல்லெல்லாம் திரும்ப வரணும். யார் வீட்ல என்ன இருக்குன்னு எழுதிக் குடுங்கண்ணே."

கருப்பையா – தூண் துண்டு, மாடு கட்ட.
டீக்கடை – பெஞ்சுக்குக் காலு ரெண்டு.
என் வீடு – எழுதல.

பக்கத்து வீட்டுக் கருப்பையா வந்து ஒரே சத்தம். "ஏலே, என் தூணை எழுதுனியே, ஒன் வீட்டுத் துவைகல்லை எழுதுனியா? பந்திக்கூடத்து வாசப்படிய வண்டில ஏத்தயில பின்னால தள்ளுனவன் நாந்தானடா!"

நெசந்தான். கல்யாணமான வருசம். துவைக்கக் கல்லு வேணும்னா லெட்சுமி. கடல் கல்லு, கருங்கல்லை விட மெத்து. இருபத்தாறு வருசம் அடிச்சதுல நடுவுல குழி விழுந்து, சோப்பை அதுலதான் வைப்பா.

குடுக்க மனசில்ல. வேலை போனாப் போகுது.

ஜூலை 10, வியாழன்

காத்து நின்னுருச்சு. புழுக்கம். என் வீட்டையும் எழுதிட்டேன். கருப்பையா மூஞ்சில முழிக்கணும்ல. மக ஃபோன்ல, "அய்யா, சாப்பிட்டீகளா?" சாப்பிட்டேன்னேன். கல்லைப் பத்திச் சொல்லல.

ஜூலை 12, சனி

டிராக்டர் வந்துச்சு. தூக்க நாலு பேரு. குழியில சோப்புத் துண்டு காஞ்சு ஒட்டிக் கெடந்துச்சு. நகத்தால பேத்துச் சட்டைப் பையில போட்டேன்.

மேடம் டேப் வச்சு அளந்தாக. "கால் பட்டுத் தேஞ்சா இப்படிக் கிண்ணம் மாதிரி பள்ளம் விழாதே, எப்படிண்ணே?"

"என் வீட்டுக்காரி துவைச்சது."

ஃபாரத்துல எழுதிக்கிட்டு, கையெழுத்துப் போடச் சொன்னாக. படிச்சேன். 'நடுவில் பள்ளம் – பிற்காலச் சேதம்.'

சேதமாம்ல.

அதை அடிச்சுட்டு மேல லெட்சுமின்னு எழுதினேன். "அண்ணே, இது கவர்மெண்ட் ஃபாரம்"னு மேடம் வேற தாள் எடுத்து, மறுபடி சேதம்னே எழுதிக் குடுத்தாக.

அதுலயும் அடிச்சேன்.